கல்லாப்பெட்டியும் வாக்குப்பெட்டியும்

(வணிகர்களும் இளைஞர்களும் கலந்துகொண்ட அரசியல் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை. வாசகர்களுக்காக எழுத்து வடிவில் தரப்படுகிறது.)

    

ஓர் அரசாங்கத்தின் வரவு செலவைத் தணிக்கை செய்பவர் யார்? தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் என்று ஒருவர் இருக்கிறார். ரிசர்வ் வங்கி இருக்கிறது. சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் கணக்குக் குழுக்கள் இருக்கின்றன. இவர்கள் எல்லோரும் குறை எழுதலாம், அறிக்கை தரலாம். ஆனால் "உன் கணக்கு சரியில்லை, எழுந்து வெளியே போ" என்று சொல்லும் அதிகாரம் இவர்களில் ஒருவருக்கும் இல்லை. அந்த அதிகாரம் உள்ள தணிக்கையாளர் ஒரே ஒருவர்தான். அவர் வாக்காளர்!

அந்த வாக்காளர் எதை வைத்து அளக்கிறார்? எந்தப் படியால் அளக்கிறார்? அவருடைய தராசு எங்கே நேராக நிற்கிறது, எங்கே சாய்கிறது? இதைத்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். தராசு பிடித்துப் பழகியவர்கள் நீங்கள். ஆகவே இந்தப் பேச்சு உங்களுக்குப் புதிதாக இருக்காது.

விலையின் முகம் நம் முகம்

பட்ஜெட் புத்தகத்தை வாக்காளர் படிப்பதில்லை. அவர் படிக்கும் பட்ஜெட் நம் கடையின் விலைப் பலகை! எண்ணெய் விலை ஏறினால் ஒரு தாய் டெல்லிக்குப் போய் நிதியமைச்சரிடம் கேட்க முடியாது. நம்மிடம்தான் கேட்பார். "என்ன பாய், போன வாரம் இந்த விலை இல்லையே?" என்பார். கொள்முதல் விலை ஏறிவிட்டது என்று நாம் சொன்னால் பாதிப் பேர் நம்புவார்கள். மீதிப் பேர், "இவர்தான் ஏற்றிவிட்டார்" என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டு போவார்கள்.

ஆட்சியாளருக்கும் இது வசதி! விலை கட்டுக்கு அடங்காத நாளில் "பதுக்கல்காரர்களை ஒடுக்குவோம்" என்று ஓர் அறிக்கை வரும். நான்கு மண்டிகளில் சோதனை நடக்கும். பத்திரிகையில் படம் வரும். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

எனவே சகோதரர்களே, வாக்காளர் பொருளாதாரத்தை எப்படி எடை போடுகிறார் என்பது அரசியல்வாதிக்கு மட்டும் உரிய கவலை அல்ல. அவர் தவறாக எடை போட்டால் முதல் அடி விழுவது கடைத் தெருவில்தான். அவர் சரியாக எடை போட வேண்டுமானால், சரியான கணக்கை அவர் முன் வைக்கும் பொறுப்பும் நமக்கு இருக்கிறது.

அரிசி கவிழ்த்த ஆட்சி

நம் மாநிலத்து வரலாற்றிலிருந்தே தொடங்குவோம்.

1967 தேர்தல். இருபது ஆண்டுகள் ஆண்ட காங்கிரஸ் இங்கே வீழ்ந்தது. முதலமைச்சர் பக்தவத்சலம் ஸ்ரீபெரும்புதூரில் தோற்றார். பள்ளிக்கூடங்களைத் திறந்த பெருந்தலைவர் காமராஜர் சொந்த ஊரான விருதுநகரில் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். ஏன்? 1965ல் நடந்த இந்தி எதிர்ப்புப் போராட்டம் ஒரு காரணம். இன்னொரு காரணம் அரிசி!

தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் நாட்டில் மழை பொய்த்தது. 1962ல் ஒரு போர், 1965ல் ஒரு போர். 1966ல் மட்டும் ஒரு கோடி டன்னுக்கு மேல் தானியத்தை வெளியிலிருந்து இறக்குமதி செய்ய வேண்டி வந்தது. அதே ஆண்டு ஜூன் மாதம் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். ஒரு டாலருக்கு 4 ரூபாய் 76 காசு என்றிருந்தது 7 ரூபாய் 50 காசு ஆயிற்று. இதில் மழையும் போரும் ஆட்சியாளரின் கையில் இல்லை. ஆனால் அரிசிக் கடை வரிசையில் நின்ற தாய்க்கு அந்த வேறுபாடு தேவைப்படவில்லை. "ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்" என்று அறிஞர் அண்ணா சொன்னார். அந்தக் கூட்டணியில் கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் அவர்களும் இருந்தார்கள். மக்கள் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள்.

இதோடு ஒரு கணக்கையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தேர்தலில் தோற்ற காங்கிரஸ் வாங்கிய வாக்கு சுமார் 41 விழுக்காடு. வென்ற தி.மு.க. தனிக் கட்சியாக வாங்கியதைவிட அது சற்று அதிகம்! எதிர்ப்புறம் நின்ற கட்சிகள் ஒன்று சேர்ந்திருந்தன. அதனால் மக்களின் கோபம் சிதறவில்லை. இந்தக் கணக்குக்குப் பிறகு வருகிறேன்.

வென்றவர்களின் வாக்குறுதி என்ன ஆயிற்று? சென்னையிலும் கோவையிலும் ஒரு ரூபாய்க்கு ஒரு படி அரிசி போட்டார்கள். கஜானாவின் சுமை தாங்காமல் அது நீடிக்கவில்லை. ஆனாலும் அன்றிலிருந்து இந்த மாநிலத்தில் ஆள வருகிற எவரும் ரேஷன் அரிசியைத் தொட அஞ்சுகிறார்கள். வாக்காளர் ஒருமுறை எழுதிய தீர்ப்பு அரை நூற்றாண்டுக்கு மேலாகச் சட்டம் போல நிற்கிறது!

வெங்காயம் சொன்ன மூன்று தீர்ப்புகள்

வடக்கே அரிசியின் இடத்தில் வெங்காயம்!

முதல் தீர்ப்பு 1980 ஜனவரியில். அவசர நிலைக்குப் பிறகு 1977ல் வந்த ஜனதா ஆட்சி உட்பூசலில் உடைந்தது. 1979ல் கடும் வறட்சி. அதே ஆண்டு ஈரான் புரட்சி. உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை இரு மடங்குக்கு மேல் போயிற்று. விலைவாசி விஷம் போல் ஏறியது. இந்திரா காந்தி வெங்காய விலையை மேடைப் பொருளாக்கினார். மூன்றே ஆண்டுகளுக்கு முன் அவரை வீட்டுக்கு அனுப்பிய அதே மக்கள் 353 இடங்களைக் கொடுத்து அழைத்து வந்தார்கள்.

அந்த ஆண்டு நம் மாநிலத்து வாக்காளர் செய்ததைப் பாருங்கள். ஜனவரியில் நாடாளுமன்றத்துக்கு இந்திரா காங்கிரஸ் - தி.மு.க. கூட்டணிக்கு 39ல் 37 இடங்கள் கொடுத்தார். சில மாதங்களில் சட்டமன்றத் தேர்தல் வந்தபோது அதே வாக்காளர் எம்.ஜி.ஆரை மறுபடியும் முதலமைச்சர் நாற்காலியில் உட்கார வைத்தார். டெல்லிக் கணக்கு வேறு, கோட்டைக் கணக்கு வேறு என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர் அவர். வாக்காளரை முட்டாள் என்று எவராவது சொன்னால் 1980ஐ எடுத்துக் காட்டுங்கள்!

இரண்டாம் தீர்ப்பு 1998 நவம்பரில். அந்த ஆண்டு மே மாதம் பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை நடந்தது. பெருமிதப் பேச்சுக்குக் குறைவில்லை. ஆனால் மழையில் வெங்காயப் பயிர் அழிந்து, டெல்லியில் கிலோ 40, 50 ரூபாய் என்று ஏறியது. தேர்தலுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது முதலமைச்சரையே மாற்றிப் பார்த்தார்கள். சாஹிப் சிங் வர்மா போய் சுஷ்மா சுவராஜ் வந்தார். பலன்? 70 இடங்களில் பா.ஜ.க.வுக்கு 15, காங்கிரசுக்கு 52! ராஜஸ்தானும் கைமாறியது. அணுகுண்டைக் காட்டி வெங்காயத்தை மறக்கடிக்க முடியவில்லை.

மூன்றாம் தீர்ப்புதான் நாம் அதிகம் சிந்திக்க வேண்டியது. டெல்லிப் பாடத்தை ஆட்சியாளர்கள் நன்றாகவே படித்தார்கள். 2023ல் வெங்காய விலை ஏறத் தொடங்கியதும் ஆகஸ்டில் ஏற்றுமதிக்கு 40 விழுக்காடு வரி போட்டார்கள். டிசம்பரில் ஏற்றுமதியையே தடை செய்தார்கள். நகரத்தில் வாங்குகிறவருக்கு ஆறுதல். ஆனால் மகாராஷ்டிராவில் நாசிக் வட்டாரத்தில் வெங்காயம் விளைவிக்கிற விவசாயிக்கு? விற்பனை விலை சரிந்தது. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் அந்த வட்டாரம் பதில் சொன்னது. திண்டோரித் தொகுதியில் மத்திய இணையமைச்சராக இருந்த பாரதி பவார் தோற்றார். மாநிலம் முழுதும் 48ல் ஆளும் அணிக்குக் கிடைத்தது 17 மட்டுமே.

1998ல் விலை ஏறியதற்குத் தண்டனை. 2024ல் விலையை அமுக்கியதற்குத் தண்டனை! வாங்குகிறவருக்கும் விளைவிக்கிறவருக்கும் தராசுகள் வேறு வேறு. நடுவில் நிற்கும் வியாபாரிக்கு இரண்டு தராசும் தெரியும். நமக்கு மலிவு என்று நாம் மகிழ்கிற பொருள் எங்கோ ஒரு விவசாயியின் வீட்டில் அடுப்பை அணைத்திருக்கலாம். ஆகவே ஓர் ஆட்சியை எடை போடும்போது "எனக்கு லாபமா?" என்ற ஒரு கேள்வி போதாது. "என்னோடு வாழ்கிறவர்களுக்கு என்ன ஆயிற்று?" என்பதையும் கேட்க வேண்டும்.

ஏட்டுச் சுரைக்காய்

"நாடு வளர்கிறது, பிறகு ஏன் மக்கள் தோற்கடித்தார்கள்?" என்று படித்தவர்கள் வியப்போடு கேட்ட தேர்தல்கள் இரண்டு உண்டு.

ஒன்று 1996. 1991ல் கஜானா காலியான நிலையில் பொறுப்பேற்றவர் நரசிம்மராவ். மன்மோகன் சிங் நிதியமைச்சரானார். ஐந்தாண்டு முடியும்போது வளர்ச்சி விகிதம் நன்றாக நிமிர்ந்திருந்தது. ஆனாலும் காங்கிரஸ் 140 இடங்களில் நின்றுவிட்டது.

மற்றொன்று 2004. "இந்தியா ஒளிர்கிறது" என்று ஊரெங்கும் விளம்பரம். 2003-04ல் வளர்ச்சி சுமார் 8 விழுக்காடு. அந்தத் துணிச்சலில் சில மாதங்கள் முன்னதாகவே தேர்தல் வைத்தார்கள். முடிவு? காங்கிரஸ் 145, பா.ஜ.க. 138. கணினி நகரம் கட்டிய சந்திரபாபு நாயுடுவுக்கு ஆந்திர சட்டமன்றத்தில் 294ல் 47 மட்டும்! ஹைதராபாத் ஒளிர்ந்தது, வறட்சியில் கிடந்த கிராமம் இருட்டில் இருந்தது.

இங்கே தமிழ்நாட்டில் 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர், ஆசிரியர் சுமார் 1 லட்சத்து 70 ஆயிரம் பேரை ஒரேயடியாக வேலைநீக்கம் செய்திருந்தார்கள். ரேஷன் அரிசி வாங்க முடியாதபடி ஒரு பகுதியினரின் அட்டையில் முத்திரை குத்தியிருந்தார்கள். கஜானாவைச் சீர்செய்கிறோம் என்றார்கள். 2004 மே மாதம் 39 தொகுதிகளில் ஒன்றுகூட ஆளும் அ.தி.மு.க. அணிக்குக் கிடைக்கவில்லை. தோல்விக்குப் பிறகு சில நாட்களிலேயே பல உத்தரவுகள் திரும்பப் பெறப்பட்டன. எத்தனையோ மனுக்களால் நடக்காதது ஒரு தேர்தலில் நடந்தது!

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. வளர்ச்சி விகிதம் என்பது நாடு முழுவதற்கும் போட்ட சராசரி. ஒருவர் பத்து ரொட்டி தின்று மற்றொருவர் பட்டினி கிடந்தாலும் சராசரி ஐந்து ரொட்டிதான். வாக்காளர் சராசரியைத் தின்பதில்லை. தன் தட்டைப் பார்க்கிறார். பக்கத்து வீட்டுத் தட்டையும் பார்க்கிறார்.

அப்படியானால் 2017?

இளைஞர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்பீர்கள். "விலையும் வருமானமும்தான் தேர்தலை முடிவு செய்கிறது என்றால், பணமதிப்பு நீக்கத்துக்குப் பிறகு என்ன நடந்தது?" நியாயமான கேள்வி.

2016 நவம்பர் 8 இரவு, 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றார்கள். புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் சுமார் 86 விழுக்காடு அது. ரொக்கத்தில் ஓடும் கடைத் தெரு எப்படிக் கிடந்தது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கறுப்புப் பணம் ஒழியும் என்றார்கள். 2018ல் ரிசர்வ் வங்கி கணக்கு வெளியிட்டது: 99.3 விழுக்காடு நோட்டுகள் வங்கிக்குத் திரும்பிவிட்டன! ஆனால் அதற்கு முன்பே, 2017 மார்ச்சில், உத்தரப் பிரதேசத்தில் பா.ஜ.க. 403ல் 312 இடங்களை வென்றது.

இதற்கு நான் காணும் காரணங்கள் மூன்று.

முதலாவது, மக்கள் வலியை மட்டும் எடை போடுவதில்லை. வலி யாருக்கு எவ்வளவு என்பதையும் எடை போடுகிறார்கள். "பணக்காரனுக்கு என்னைவிடப் பெரிய அடி" என்று ஏழை நம்பினான். பணக்காரன் பின்வாசல் வழியாக நோட்டை மாற்றிக்கொண்ட கதை தெரியவருமுன் தேர்தல் முடிந்துவிட்டது. தீங்கு உடனே தெரிகிறது. பொய் தாமதமாகத்தான் தெரிகிறது.

இரண்டாவது, ஒரு கையில் பறித்தாலும் மறு கையில் ஏதோ ஒன்று கண்ணுக்குத் தெரியும்படி கொடுக்கப்பட்டிருந்தது. ஏழைப் பெண்களுக்கு காஸ் இணைப்புத் தரும் திட்டம் 2016 மே மாதம் அதே மாநிலத்தின் பலியா நகரில்தான் தொடங்கப்பட்டது.

மூன்றாவது, அந்தப் பழைய 41 விழுக்காட்டுக் கணக்கு. 312 இடங்களை வென்ற கட்சி வாங்கிய வாக்கு 40 விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை! சமாஜ்வாதியும் காங்கிரசும் ஒரு பக்கம், பகுஜன் சமாஜ் மறுபக்கம் என்று எதிர்ப்பு சிதறிக் கிடந்தது. 1967ல் இங்கே 41 விழுக்காடு வாங்கிய ஆளுங்கட்சி வீழ்ந்தது. 2017ல் அங்கே அதற்கும் குறைவாக வாங்கிய கட்சி அரியணை ஏறியது. மக்கள் தீர்ப்பு என்று நாம் சொல்வதில் மக்களின் மனமும் இருக்கிறது; கூட்டணியின் கூட்டல் கழித்தலும் இருக்கிறது.

குஜராத்தையும் பாருங்கள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. சூரத் ஜவுளி வியாபாரிகள் கடையடைத்துப் போராடினார்கள். தெருவை நிறைத்து ஊர்வலம் போனார்கள். டிசம்பரில் சட்டமன்றத் தேர்தல். அதற்கு ஒரு மாதம் முன் சுமார் 178 பொருள்களுக்கு 28லிருந்து 18 விழுக்காடாக வரி குறைந்தது. சூரத் மாவட்டத்தின் 16 தொகுதிகளில் 15ஐ பா.ஜ.க. வென்றது! கடையடைப்பில் காட்டிய கோபம் வாக்குப்பெட்டிவரை வந்து சேரவில்லை. வேறு பல பற்றுகளும் அச்சங்களும் வழியில் அதை வாங்கிக்கொண்டன.

தராசு சாயும் மூன்று இடங்கள்

இத்தனையும் பார்த்த பிறகு ஒன்று தெளிவாகிறது. வாக்காளர் கணக்குத் தெரியாதவர் அல்ல. ஆனால் அவருடைய தராசு மூன்று இடங்களில் சாய்கிறது.

ஒன்று, மறதி. ஐந்தாண்டு ஆட்சியை ஐந்தாண்டு வைத்து எடை போடுவதில்லை. கடைசி ஓராண்டை வைத்து எடை போடுகிறோம். வெளிநாட்டு ஆய்வாளர்களும் தங்கள் நாட்டு வாக்காளர்களிடம் இதையே கண்டிருக்கிறார்கள். ஆட்சியாளர்களுக்கு இது தெரியும். அதனால்தான் கசப்பு மருந்து முதல் ஆண்டில், இனிப்பு கடைசி ஆண்டில்! சற்று முன் சொன்ன மகாராஷ்டிராவில், நாடாளுமன்றத் தோல்விக்குப் பிறகு அதே ஜூன் மாதம், பெண்களுக்கு மாதம் 1500 ரூபாய் என்று அறிவித்தார்கள். செப்டம்பரில் வெங்காய ஏற்றுமதி வரியைக் குறைத்தார்கள். நவம்பரில் அதே அணி 288ல் 230 இடங்களை வென்றது! வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் ஐந்து மாதத்தில் ஒரு தீர்ப்பு தலைகீழானது.

இதைச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கை. பணம் வாங்கிய அந்தத் தாயை ஏளனம் செய்யாதீர்கள்! 1500 ரூபாய் என்பது கடை முதலாளிக்கு ஒரு செலவு. அவருக்கு ஒரு மாத மளிகை. ரேஷன் அரிசியும் சத்துணவும் பிச்சை அல்ல, உரிமை. கேள்வி "ஏன் வாங்கினீர்கள்?" என்பதல்ல. "நான்கு ஆண்டுகள் ஏன் தரவில்லை? தேர்தலுக்குப் பிறகும் தருவீர்களா? எங்கிருந்து தருவீர்கள்?" என்று ஆட்சியாளரிடம் கேட்பதுதான் சரியான கேள்வி.

இரண்டு, குற்றவாளி மாறிப்போவது. 1980ல் இந்தியாவில் ஜனவரியிலும் அமெரிக்காவில் நவம்பரிலும் ஆட்சிகள் மாறின. அங்கே கார்ட்டரை வென்ற ரீகன், நான்கு ஆண்டுகளுக்கு முன் இருந்ததைவிட நலமாக இருக்கிறீர்களா என்று மக்களைப் பார்த்துக் கேட்டார். இரண்டு நாட்டிலும் விலையேற்றத்துக்குப் பின்னே அதே எண்ணெய் இருந்தது. 1990 ஆகஸ்டில் ஈராக் படை குவைத்தில் நுழைந்தது. நம் ஊர்ப் பிள்ளைகள் உள்பட இந்தியர்கள் லட்சத்துக்கு மேல் உடுத்திய துணியோடு திரும்பினார்கள். எண்ணெய் விலை ஏறியது. வளைகுடாவிலிருந்து வரும் பணம் நின்றது. ஏற்கெனவே கடனில் தள்ளாடிய நாடு 1991ல் 47 டன் தங்கத்தை வெளிநாட்டில் அடகு வைத்தது. இதில் போர் எவ்வளவு, நாட்டின் பழைய கடன் எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தவர்கள் குறைவு.

இதன் மறுபக்கமும் உண்டு. 2014 நடுவில் 100 டாலருக்கு மேல் இருந்த ஒரு பீப்பாய் கச்சா எண்ணெய் 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே வந்தது. அந்த மலிவு நம் வண்டிக்கு முழுதாக வந்து சேர்ந்ததா? லிட்டர் பெட்ரோலுக்கு 9 ரூபாய் 48 காசாக இருந்த மத்தியக் கலால் வரி அந்த இடைவெளியில் 21 ரூபாய் 48 காசாக ஏறியது! விலை அதிகம் ஏறாததால் எவரும் கோபப்படவில்லை. ஏறியதற்குக் கோபப்படத் தெரிந்த நமக்கு, இறங்க வேண்டியது இறங்காமல் போனதைக் கேட்கத் தெரியவில்லை.

மூன்று, கோபம் வேறு பக்கம் திருப்பப்படுவது. கல்லா காலியாகும்போது, "உன் கஷ்டத்துக்குக் காரணம் ஆட்சி அல்ல, அடுத்த தெருக்காரன்" என்று சொல்ல ஆள் வருவார்கள். சாதியின் பெயரால், மொழியின் பெயரால், மதத்தின் பெயரால் வருவார்கள். எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும், நம் பக்கத்திலிருந்தே வந்தாலும், அந்தப் பேச்சின் பயன் ஒன்றுதான்: கணக்குக் கேட்க வேண்டியவர் கணக்கை மறந்துவிடுவார்.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

அப்படியானால் நாம் செய்ய வேண்டியது என்ன? மாநாடு வேண்டாம்; தீர்மானம் வேண்டாம். வணிகச் சகோதரர்களே, ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். உங்கள் கடைப் பேரேட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு பேரேடு.

முதல் பக்கத்தில் பத்துப் பொருள்கள்: அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை, வெங்காயம், காஸ் சிலிண்டர், பெட்ரோல், மின் கட்டணம், கடை வாடகை, பள்ளிக்கூடக் கட்டணம். மாதத்தின் முதல் தேதியில் விலை எழுதுங்கள். அதன் பக்கத்திலேயே கடைப் பையனின் சம்பளத்தையும் கொத்தனாரின் தினக்கூலியையும் எழுதுங்கள். விலை மட்டும் பார்த்தால் பாதிக் கணக்கு. விலை பத்து ஏறிக் கூலி இருபது ஏறியிருந்தால் அது வேறு கதை. கூலி நின்ற இடத்தில் நின்றால் அது வேறு கதை.

இரண்டாம் பக்கம் கடன். உங்கள் கடன் நோட்டு கனத்துக்கொண்டே போகிறதா? ஒரு லிட்டர் எண்ணெய் வாங்கிய வீடு சிறு பாக்கெட்டுக்கு மாறிவிட்டதா? ஐந்து கிலோ வாங்கியவர் அரைக் கிலோவாக வாங்குகிறாரா? அரசின் புள்ளிவிவரம் அச்சாகி வருமுன் ஊரின் கஷ்டம் உங்கள் கடைப் படியில் தெரிந்துவிடும். அதை எழுதி வைக்காமல் விட்டால் ஓராண்டில் நீங்களே மறந்துவிடுவீர்கள்.

மூன்றாம் பக்கம் இளைஞர்களின் வேலை. வாலிபத் தோழர்களே, இது உங்கள் பொறுப்பு. உங்கள் தெருவில் படித்து முடித்தவர்கள் எத்தனை பேர்? படிப்புக்கேற்ற வேலை எத்தனை பேருக்கு? ஊரிலேயே சம்பாதிப்பவர் எத்தனை பேர், விசாவுக்குக் காத்திருப்பவர் எத்தனை பேர்? ஆண்டுக்கு ஒருமுறை எண்ணுங்கள்.

நான்காம் பக்கம்தான் முக்கியம். அதன் தலைப்பு: "பொறுப்பு யாருடையது?" மழையும் உலகச் சந்தையும் ஒரு கட்டம். மத்திய அரசு ஒரு கட்டம். மாநில அரசு ஒரு கட்டம். நகராட்சி, ஊராட்சி ஒரு கட்டம். பெட்ரோல் விலையில் மத்திய வரியும் இருக்கிறது, மாநில வரியும் இருக்கிறது. இருவரும் ஒருவரை ஒருவர் காட்டித் தப்பிக்க விடாதீர்கள். ஜி.எஸ்.டி. விகிதத்தை மத்திய, மாநில அமைச்சர்கள் சேர்ந்த கவுன்சில் பேசி முடிவு செய்கிறது. மின்சாரக் கேள்வியை மாநிலத்திடம் கேளுங்கள். சொத்து வரியும் சந்தைக் கடை வாடகையும் நகராட்சிக் கேள்வி. யாரிடம் எதைக் கேட்பது என்று தெரிந்தவரை எந்த வேட்பாளரும் ஏமாற்ற முடியாது.

அதே பக்கத்தில் கடைசியாக ஒரு கட்டம் போடுங்கள். அது வியாபாரிகளாகிய நமக்கு! சரக்கு வருமுன்பே விலையை ஏற்றினோமா? இறங்கும்போது இறக்கினோமா? தட்டுப்பாட்டு நாளில் கிடங்கைப் பூட்டினோமா? ஆட்சியாளரின் கணக்கைக் கேட்கப் போகிறவரின் படிக்கல் சரியாக இருக்க வேண்டாமா? கொள்முதல் சீட்டை வாடிக்கையாளருக்குத் துணிந்து காட்டக்கூடிய கடைக்காரரை எந்த ஆட்சியும் பதுக்கல்காரர் என்று சொல்லி ஊரை நம்ப வைக்க முடியாது.

வாக்கு ஓர் அமானிதம்

இந்த நோட்டு யாருக்கு வாக்களிக்கச் சொல்லும்? எனக்குத் தெரியாது, அது உங்கள் கணக்கைப் பொறுத்தது. ஒருவருக்கு வரவாக இருப்பது மற்றவருக்குப் பற்றாக இருக்கலாம். கடைக்காரர், விவசாயி, தோல் பதனிடும் தொழிலாளி, அரசு ஊழியர் எல்லோரும் தங்கள் நோட்டுகளை ஒரே மேசையில் வைத்துப் பேசினால்தான் ஊரின் கணக்கு கிடைக்கும். ஆகவே உங்கள் நோட்டை மஹல்லாவுக்குள்ளேயே வைத்துக்கொள்ளாதீர்கள். வணிகர் சங்கத்தில் காட்டுங்கள். பக்கத்துக் கடை அண்ணாச்சியிடம் காட்டுங்கள். அவருடைய விலைப் பலகையும் உங்கள் விலைப் பலகையும் ஒன்றுதானே!

பொருளாதாரம் மட்டுமே வாக்கை முடிவு செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உயிர்ப் பாதுகாப்பு இருக்கிறது, நீதி இருக்கிறது, மானம் இருக்கிறது. மலிவு விலைக்காக அவற்றை விற்க முடியாது. ஆனால் அவற்றின் பெயரைச் சொல்லிக்கொண்டு கணக்குக் காட்டாமல் தப்பிக்கவும் எவரையும் விடக் கூடாது. அவர் எதிரணியில் இருந்தாலும் சரி, நாம் மேடை ஏறி ஆதரித்தவராக இருந்தாலும் சரி.

சகோதரர்களே! ஆட்சி ஓர் அமானிதம். அதைக் கொடுத்து வைத்தவர் நாம். கொடுத்து வைத்தவர் ஐந்தாண்டு உறங்கிவிட்டுக் கடைசி மாதத்தில் விழித்துக் கேட்டால், வைத்திருந்தவர் என்ன கணக்கு வேண்டுமானாலும் எழுதிக் கொடுப்பார். நம் கல்லாவை ஒவ்வோர் இரவும் எண்ணிப் பூட்டுகிறோம். நாட்டின் கல்லாவை மாதம் ஒருமுறையாவது எண்ணிப் பார்ப்போம். வருகிற மாதம் முதல் தேதியில் அந்த நோட்டில் முதல் வரியை எழுதுங்கள்.